கொரிந்துக்குப் போன கடிதமும் எங்கள் கோவில் வாங்குகளும்

மகனுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதினால் பொய். உடம்புக்கு ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் போன சனிக்கிழமை நீ சாப்பிட்டுக்கொண்டே, அறுப்புப் பண்டிகை அன்று எங்கள் கோவிலில் என்ன பிரசங்கம் செய்யப்போகிறாய் என்று சொன்னாயே, அப்போதிருந்து இந்த வீட்டில் யாருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை. நான் பாதியில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனேன். நீயும் மறுநாள் ஆராதனை முடிந்த கையோடு, வீட்டு வாசற் படலையைக்கூடத் திரும்பிப் பாராமல், நீ தங்கியிருக்கிற கொக்குவிலுக்குப் போய்விட்டாய். நேரில் கதைத்தால் எனக்குக் குரல் உயரும், உனக்கு முகம் இறுகும். அதனால் மத்தியானம் கடைப் பலகைகளைப் போட்டுவிட்டு உள்ளே இருந்து எழுதுகிறேன். பொறுமையாக வாசி. நடுவில் கோபம் வந்தால் வைத்துவிட்டு, ஆறிய பிறகு மீதியை எடு.

எனக்கு என்ன பயம் என்பதை முதலில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பண்டிகைக்கு முன்னே இன்னும் ஒரு ஞாயிறுதான் இருக்கிறது. இந்தியாவில் வேதசாத்திரம் படித்து வந்தபின் சொந்த ஊர்க் கோவிலில் நீ பிரசங்கபீடம் ஏறுவதும், போதகருக்கு உதவியாக நின்று திருவிருந்து பரிமாறுவதும் அன்றுதான் முதல் தடவை. அன்று பின்னேரம் மூப்பர்கள் கூடி, உனக்குக் குருப்பட்டம் கொடுக்கச் சொல்லலாமா, வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அந்தக் கூட்டத்தில் மற்றவர்கள் வாய் திறப்பது செல்லத்துரை மூப்பரின் முகத்தைப் பார்த்துத்தான். அதே மூப்பரின் மகனுக்குத்தான் வைகாசியில் உன் தங்கச்சியைக் கொடுக்க இருக்கிறோம். இவ்வளவும் தெரிந்துகொண்டு நீ, அப்போஸ்தலர் கொரிந்து பட்டினத்துச் சபைக்கு எழுதின நிருபத்தை எடுத்து, திருவிருந்தைப் பற்றிய பகுதியை விரித்து, இன்றைக்கு எல்லோரும் சாய்ந்து இருக்கிற மர வாங்கைவிட்டு இறங்கி ஒரே தரையில் உட்கார்ந்து அப்பமும் திராட்சரசப் பாத்திரமும் பெறுவோம் என்று கேட்கப் போகிறாய். உன் பட்டம், அவளுடைய கலியாணம், இந்த ஊரில் என் வியாபாரம் எல்லாவற்றையும் ஒரே புகையிலைச் சிப்பமாகக் கட்டி, மூப்பர் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவைத்தது போல இருக்கிறது எனக்கு.

எங்கள் கோவில் ஒழுங்கு உனக்குத் தெரியாததல்ல. ஆனால் நீ அதற்குள் பிறந்தவன். நான் அது வந்ததைப் பார்த்தவன். நான் இளந்தாரியாக இருந்தபோது கோவிலில் வாங்கே கிடையாது, எல்லோரும் பாயில்தான். யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்ற கணக்கு அப்போதும் இருந்தது. ஆனாலும் எல்லாருடைய முழங்கால்களும் ஒரே உயரத்தில் இருந்தன. புகையிலை எனக்குக் கை கொடுத்த காலத்தில், கடவுளுக்கு நன்றியாக முதிரை மரத்தில் வாங்குகள் செய்வித்துக் கொடுத்தேன். அவற்றின் சாய்மானத்தைத் தடவிப் பார்க்காமல் நான் கோவிலைவிட்டு வெளியே வந்த ஞாயிறு இல்லை. இந்தச் சண்டிலிப்பாய் ஊரில் ஒன்றுமில்லாமல் தொடங்கினவனுக்கு அது சின்ன விஷயமா? ஆனால் வாங்கு வந்தபின், தோட்டங்களில் கூலிக்குக் கிணற்றுத் துலா மிதித்துத் தண்ணீர் இறைக்கிற குடும்பங்கள் மட்டும் பின்னால் பாயிலேயே நின்றுபோயின. அவர்களை யாரும் அங்கே இரு என்று சொல்லவில்லை. கிறிஸ்தவர்களாகிய நாங்கள் சாதி பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்வோம். வாங்கு எங்களுக்காகப் பார்த்துக்கொண்டது.

திருவிருந்தும் அந்த ஒழுங்கில்தான். வாங்குகளெல்லாம் முடிந்து பாய்க்கு வரும்போது பாத்திரத்தின் அடியில் ஈரம்தான் இருக்கும். பண்டிகைச் சாப்பாடும் அப்படியே. ஆராதனை முடிந்ததும் பந்தலில் முதற்பந்தி எங்களுக்கு. மாசி மாதம் புகையிலைக்குத் தண்ணீர் தப்பக்கூடாது என்று, தோட்டச் சொந்தக்காரர்கள் தங்கள் கூலிக்காரரை இறைப்பை முடித்துவிட்டுத்தான் கோவிலுக்கு விடுவார்கள். அவர்கள் ஓடி வந்து சேரும்போது ஆராதனையில் பாதி போயிருக்கும். பந்தியில் கறி போயிருக்கும். இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் நினைக்கவில்லை. இறைப்பு இறைப்புத்தான், பசி பசிதான் என்று இருந்துவிட்டோம்.

அன்றைக்கு நான் உன்னிடம் கேட்டது உனக்கு நினைவிருக்கும். “உந்தப் பகுதியை எத்தினை பிரசங்கத்திலை கேட்டிட்டன். அவனவன் தன்ரை பாவத்தை நினைச்சு, பயந்து சாப்பிட வேணும் எண்டுதானே சொல்லுது? வாங்குக்கும் பாய்க்கும் அதிலை என்ன வேலை?”

நீ சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: “அப்பு, அது ஒரு கடிதம். ஆர் எழுதினது, எந்த ஊருக்கு, அங்கை என்ன நடந்தது எண்டு பாராமல் எப்பிடி வாசிக்கிறது? அந்தக் காலத்திலை கோவில் கட்டிடம் இல்லை. வசதியான ஒருத்தற்றை வீட்டிலைதான் கூடுவினம். திருவிருந்து எண்டால் நல்ல வயிறு நிறையிற சாப்பாடு. வேலைவெட்டி இல்லாதவை வெள்ளென வந்து திண்டு குடிச்சு வெறியிலை இருப்பினம். எசமான்ரை வேலையை முடிச்சுப்போட்டு அடிமையும் கூலியும் பிந்தி வந்தால் வெறுஞ் சட்டி. அவையைக் கூச்சப்படுத்தினதைத்தான் அப்போஸ்தலர் ஏசுறார். தகுதியில்லாமல் சாப்பிடுறது எண்டு சொன்னதும் அதைத்தான்.”

“உதெல்லாம் வெள்ளைக்காரர் புத்தகம் எழுதிக் கண்டுபிடிச்சது.”

“இல்லை, நீங்கள் கண்டுபிடிச்சது. திருவனந்தபுரத்துக் கடிதத்தின்ரை கதையை எனக்கு ஆர் சொன்னது?”

உன் தங்கச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். எனக்கு அந்த இடத்தில்தான் கோபம் வந்தது. அந்தக் கதையை நீ சின்னப் பையனாக இருந்தபோது கடையில் வைத்து எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். நான் வியாபாரத்தில் கால் வைத்த புதிதில், திருவனந்தபுரத்தில் எங்கள் இலையை வாங்குகிற முதலாளி, புகை நாற்றம் கூடிவிட்டது, புகையைக் குறைத்துப் போடு என்று எழுதினார். நான் அந்தக் கடிதத்தைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் அறுப்பு நேரத்தில் மழை. இலை தடித்து, ஈரம் குடித்துக் கிடந்தது. குடிலில் போட்டுப் புகையூட்டுகிற ஆட்கள் இன்னும் கொஞ்சம் தேங்காய் மட்டை எரித்துப் புகை போட வேண்டும் என்றார்கள்; நான் கடிதத்தைக் காட்டி, விறைப்பாக, கூடாது என்றேன். தோணி போய்ச் சேரும்போது சரக்கெல்லாம் பூஞ்சணம். உங்கள் கடிதப்படிதானே செய்தேன் என்று நான் எழுதினதற்கு அவர் போட்ட பதில்: போன வருஷத்துச் சரக்கைப் பார்த்து அதை எழுதினேன், இந்த வருஷத்து இலையைப் பார்க்க உனக்குக் கண் இல்லையா? அன்றிலிருந்து கடிதத்தைச் சரக்கோடு சேர்த்து வாசி என்று கண்டவனுக்கெல்லாம் சொல்லி வந்தேன். உனக்கும் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு நீ கொரிந்து வரைக்கும் போவாய் என்று நான் கண்டேனா?

நீ போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். திருவிருந்து தொடங்க முன் உன் தாய் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவதை நீ சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். சோறு வைக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பாய். நாங்களும் அப்படியே சொல்லி வைத்தோம். உனக்கு முன்னே எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது தெரியும்தானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வேலியை உடைத்த ஆட்டுக்காகப் பக்கத்து வளவுக்காரியோடு உன் தாய் சண்டை பிடித்தாள். சமாதானமாகாமலே கோவிலுக்குப் போய்த் திருவிருந்து எடுத்தாள். அந்த வாரத்துக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, போய்விட்டது. அந்த நிருபத்தில், தகுதியில்லாமல் சாப்பிட்டதால்தான் உங்களுக்குள் பலர் நோயில் கிடக்கிறார்கள், சிலர் செத்தும் போனார்கள் என்று வருகிறதல்லவா? அதை அவள் தனக்கு வந்த தந்தி போல எடுத்துக்கொண்டாள். அதன்பின் பாத்திரத்தைத் தொடவில்லை. நீ பிறந்து ஞானஸ்நானம் பெற்ற அன்றும் தொடவில்லை. போதகர்மார் வந்து வந்து ஆறுதல் சொன்னார்கள். அந்த வரிகளுக்கு அவர்கள் சொன்ன பொருள் மட்டும் மாறவே இல்லை. பிறகு என்ன ஆறுதல்? இதையெல்லாம் உனக்கு எழுதச் சொன்னவள் அவள்தான்.

சனிக்கிழமை நீ கொரிந்துக் கதை சொன்னபோது, அவள் சோற்றுச் சட்டியைக் கையில் வைத்தபடி நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அப்ப மோனை, அது எனக்கு எழுதினதில்லையோ?” நீ “இல்லையம்மா” என்று சொல்லிவிட்டு என்னோடு வாதாடத் திரும்பிவிட்டாய். அவள் முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன், பார்த்துவிட்டும் கையைக் கழுவ எழுந்தேன். செவ்வாய்க்கிழமை கிணற்றடியில் நின்று, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்: “எனக்கில்லைத்தான். எங்களுக்கு.” நான் விளங்காதது போல நின்றேன். “அந்த ஊர்க்காரரைப் போலைதானே நாங்களும் இருந்தனாங்கள். இவ்வளவு காலமும் என்ரை பிள்ளையை நினைச்சு அழுதுகொண்டு, துலா மிதிக்கிற ஈசாக்கின்ரை பெண்சாதி பின்னுக்குப் பாயிலை ஈரத்தை நக்கிறதைக் காணாமல் விட்டிட்டனே” என்றாள். பெட்டியிலிருந்து வெள்ளைச் சேலையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். பண்டிகை அன்று திருவிருந்து எடுக்கப் போகிறாளாம். பாயில் உட்கார்ந்து எடுக்கப் போகிறாளாம். நான் என்ன சொல்ல? எத்தனையோ வருஷம் அவள் அதை எடுக்க வேண்டும் என்று ஜெபித்தவன் நான்.

இதற்கிடையில் மூப்பர் கடைக்கு வந்தார். கோவில் வாசலில் இளந்தாரிகளிடம் நீ வாயை விட்டிருக்கிறாய். அது அவர் காதுக்குப் போயிருக்கிறது. சுருட்டு வாங்க வந்தவர் போல நின்றுகொண்டு, “என்ன சம்பந்தி, மகன் பெரிய படிப்பெல்லாம் படிச்சு வந்திருக்கிறாராம்” என்றார்.

“ஏதோ படிச்சிருக்கிறான்.”

“நல்லது. அந்தக் காலத்தை வைச்சு வேதத்தை வாசிக்க வேணுமாம். நானும் வாசிச்சன். கொரிந்துக்காரர் குடிச்சு வெறிச்சு ஆடினால் எங்களுக்கென்ன? அது அவையின்ரை ஊர்ச் சண்டை. எங்கடை கோவிலிலை ஆர் வெறிச்சவன், சொல்லுங்கோ பாப்பம்?” நான் சுருட்டுக் கட்டை எடுக்கத் திரும்பினேன். அவர் விடவில்லை. “அதே அப்போஸ்தலர்தானே அடிமை எசமானுக்கு அடங்கி நடக்க வேணும் எண்டும் எழுதினவர். அது மட்டும் அந்தக் காலத்துக்கு, இது மட்டும் இந்தக் காலத்துக்கோ? சம்பந்தி, நீங்கள் கடையிலை ரெண்டு தராசு வைச்சிருக்கிறியளோ?” போகும்போது படியில் நின்று, “வைகாசி வரைக்கும் எல்லாம் தடங்கலில்லாமல் நடக்க வேணும்” என்றார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் பயம்.

அவர் கேட்ட முதற் கேள்விக்கு, அவர் தெருவைத் தாண்ட முன்னே எனக்குப் பதில் வந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. கடிதம் வேறு ஊருக்கு வந்ததுதான். ஆனால் இங்கே கிடக்கிற சரக்கும் அதே சரக்கு என்றால், அந்தக் கடிதம் இங்கேயும் செல்லும். வெறித்தார்களா என்பதல்ல கேள்வி. பிந்தி வந்தவன் சட்டியில் என்ன கண்டான் என்பதுதான். இதை நீ பீடத்தில் சொல்லலாம். ஆனால் இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. எத்தனையோ தரம் புரட்டிப் பார்த்துவிட்டேன். உனக்குப் பிடித்ததை எல்லாக் காலத்துக்கும், பிடிக்காததை அந்தக் காலத்துக்கும் என்று நிறுத்தால், உன் தராசு பொய்த் தராசு என்று ஒரே நாளில் ஊருக்குத் தெரிந்துவிடும். பிறகு நீ சரியாக நிறுத்ததையும் ஒருவரும் வாங்க மாட்டார்கள். பதில் இருந்தால் கொண்டு வா. படித்த இடத்தில் அதைப் பற்றியும் சொல்லித் தந்திருப்பார்கள். இல்லாவிட்டால், எனக்கு இன்னும் தெரியவில்லை என்று மூப்பர்கள் முன்னே சொல். தெரிந்தவன் போல நடித்துவிட்டு நடுக்கூட்டத்தில் திணறாதே. உன் குரல் திணறும்போது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. நீ யாருக்காகப் பேசப் போகிறாயோ, அவர்களில் ஒருவரிடமாவது கேட்டாயா? நான் ஈசாக்கிடம் போனேன். அவன் மூப்பரின் தோட்டத்தில் துலா மிதிக்கிறவன். என்னைவிட வயதில் கொஞ்சம் இளையவன். வரம்பில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

“சின்னையா நல்லவர், ஐயா. பேசுவார். பேசிப்போட்டு ரயிலேறிடுவார். திங்கக்கிழமை விடிய மூப்பற்றை துலாவிலை ஏறி நிக்கப்போறது நானெல்லோ.”

“அப்ப வேண்டாமெண்டு அவனுக்கு எழுதட்டோ?”

“வேண்டாமெண்டு நான் எப்ப சொன்னனான்? ஒருக்கால் எங்கடை பக்கமும் வந்து கேட்டிட்டுப் பேசச் சொல்லுங்கோ. எப்ப வாறாரெண்டு சொன்னால் இறைப்பில்லாத நேரமா நிக்கிறன்.”

யாருக்காவது தோட்டத்தில் வேலை நின்றால் என் குடிலில் வேலை தருவேன் என்று சொன்னேன். “குடில் ரெண்டு மாசம், ஐயா. மற்ற மாசம் என்ன செய்யிறது?” என்றான். வீடு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். சுருட்டுச் சுற்றுகிற என் கொட்டிலை மழைக்காலத்திலும் மூடாமல் நடத்த முடியுமா என்று பார்க்கிறேன். இலாபம் இருக்காது. நட்டமில்லாமல் கட்டும் போல இருக்கிறது, சரியாகத் தெரியாது.

அதனால் உனக்கு நான் சொல்வது இதுதான். இந்த வெள்ளிக்கிழமையே வா. வந்து முதலில் ஈசாக்கு வீட்டுக்குப் போ. அவர்கள் வேண்டாம் என்றால் பேசாதே. பேசு என்றால் பேசு. பிறகு உன் தங்கச்சியோடு தனியே இருந்து கதை. அவளைக் கேட்காமல் நீ ஒரு பக்கமும் மூப்பர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் அவள் கலியாணத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அவள் தலையணை உறையில் பூத் தைத்துக்கொண்டு, “அண்ணை எப்ப வாறார்?” என்று மட்டும் கேட்கிறாள். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலிருப்பது என்னை நித்திரை கொள்ள விடுகிறதில்லை. பீடத்தில் ஏறினால் எடுத்தவுடனே வாங்கைப் பற்றிப் பேசாதே. அந்தப் பட்டினத்தைப் பற்றிச் சொல். துறைமுகம், கப்பல், என்னைப் போல வியாபாரிகள், பெரிய வீட்டு விருந்து, பிந்தி வந்து வாசலில் நின்றவன், எல்லாவற்றையும் எங்கள் சனம் கண்ணால் காணும்படி சொல். எங்கள் ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. தங்களை அந்த வீட்டுக்குள் தாங்களே கண்டுகொள்ள அவர்களுக்குக் கொஞ்ச நேரம் கொடு. நீ விரல் நீட்டிக் காட்டினால் விரலைத்தான் பார்ப்பார்கள்.

நான் என்ன செய்வேன் என்று நீ கேட்பாய். அதுதான் எனக்கே தெரியவில்லை. உன் தாய் கோவிலுக்குள் போனதும் நேரே பின்னால் போய், ஈசாக்கின் பெண்சாதிக்குப் பக்கத்தில் இருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவளோடு பின்னுக்குப் போக என் மனம் சரி என்கிறது. ஆனால் முன்வரிசையில் மூப்பர் திரும்பிப் பார்ப்பார், ஊர் பார்க்கும், நான் செய்வித்த வாங்கு காலியாகக் கிடக்கும். இந்தக் கால்களை எனக்குத் தெரியும், மகனே. வியாபாரத்தில் எத்தனையோ இடத்தில் துணிந்து போன கால்கள்தான். மனிதர் முகம் சுளித்தால் நின்றுவிடுகிற கால்களும் இவைதான்.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. கொண்டு வருகிறவர் வாசித்தாலும் சரி, மூப்பரிடம் நீயே கொடுத்தாலும் சரி; கடையில் நான் சொல்ல வாய் வராததெல்லாம் இதில் இருக்கிறது. பண்டிகை அன்று போதகருக்குப் பக்கத்தில் அப்பத் தட்டை எடுத்து நீ நிமிரும்போது, உன் தாயைத் தேடுவாய், அவளைப் பாயில் காண்பாய். என்னை அவளருகே கண்டால் நல்லது. நான் வழக்கமான வாங்கிலேயே, சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கக் கண்டால், எனக்காக நிறுத்தாதே, எனக்காகக் குரலைத் தணிக்காதே. பாத்திரத்தை முதலில் பின்னுக்குக் கொண்டு போ. வாங்கில் இருக்கிறவன் ஒரு நாளைக்கு ஈரத்தைக் குடித்துப் பார்க்கட்டும்.

உன் அப்பு